பன்னிரண்டு கப்பி நாற்காலி

அறிவியல் கூடத்தின் ஏழாம் எண் காட்சிப்பொருள் ஒரு நாற்காலி. நான்கு கப்பிகளின் வழியே ஓடிவந்த ஒரு கயிறு அதைக் கூரையிலிருந்து தாங்கியிருந்தது. உட்கார்ந்து இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தால், யாரும் தம்மைத் தாமே தூக்கிக்கொள்ளலாம். இதைச் செய்தவர் அக்கூடத்தின் பொறியாளர். கப்பிகளின் மேல் அவருக்கிருந்த பாசத்தைக் கண்டு எல்லோரும் அவரைக் கப்பியார் என்று அழைத்தார்கள்; நாளடைவில் அவருடைய மனைவியும் அப்படியே அழைக்கத் தொடங்கினார்.

அந்த ஆண்டு, மக்களிடம் அறிவியல் எவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறது என்று அளந்து பார்க்க மேலிடத்துக்கு ஆசை பிறந்தது. அளக்க வந்த அதிகாரி கப்பியாரின் மச்சினி. அளவுகோல் ஒன்றே. ஒவ்வொரு காட்சிப்பொருளின் முன்னும் மக்கள் சராசரியாக மூன்று நிமிடம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது கிடங்குக்குப் போகும். அந்த இடத்தில் ஒரு தொடுதிரை வந்து உட்காரும்.

நாற்காலிக்குக் கிடைத்தது நாற்பது விநாடி. மக்கள் அமர்ந்தார்கள், இழுத்தார்கள், ஏறினார்கள், "அட" என்றார்கள், இறங்கிப் போனார்கள். பக்கத்திலேயே மூன்று மாதமாகப் பழுதாகிக் கிடந்த மின்காந்தம் ஐந்து நிமிடம் பெற்றுத் தேறிவிட்டது. அது எப்போது வேலை செய்யும் என்று எல்லோரும் பொறுமையாகக் காத்து நின்றதே காரணம்.

சட்டென்று புரிவதும் ஒரு குற்றமா என்று கப்பியார் வாதாடிப் பார்த்தார்.

"வீட்லதான் நீங்க அத்தான். இங்க நீங்க ஏழாம் நம்பர்" என்றார் மச்சினி. "வெள்ளிக்கிழமை மறுபடியும் அளப்பேன்."

கப்பியாருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், தமக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தில் இறங்கினார். கப்பிகள் கூடக் கூட இழுப்பது இலேசாகும். ஆனால் இழுக்க வேண்டிய கயிறு நீளும். கயிறு நீண்டால் நேரமும் நீளுமே! நான்கு கப்பிகளைப் பன்னிரண்டாக்கி, கையை விட்டாலும் கயிறு நழுவாதபடி ஒரு பூட்டும் வைத்தார்.

வெள்ளிக்கிழமை முதலில் ஏறியவர் ஒரு பேருந்து நடத்துநர். இரண்டு விரலால் இழுத்துக்கொண்டே போனார். ஏறி இறங்க ஒன்பது நிமிடம் பிடித்தது. மச்சினிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறதென்று, படிவ அட்டையுடன் தாமே அமர்ந்து ஆறடி உயரம் ஏறினார். இழுத்த கயிறெல்லாம் கீழே குவிந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதை மிதித்தும் தாண்டியும் நடமாடினார்கள்.

இறங்கத் தொடங்கிய சற்று நேரத்திலேயே, பரங்கிக்காய் அளவில் ஒரு சிக்கல் கயிற்றோடு எழும்பி அவர் மடியில் வந்து அமர்ந்தது. அதைக் கப்பிக்குள் விடவும் முடியாது, கீழே தள்ளவும் முடியாது. ஏணி எடுக்கக் கப்பியார் ஓடினார். கிடங்குச் சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார்.

கூட்டத்திலிருந்த தையல்காரர் ஒருவர் தலைமை ஏற்றார். யாரும் இழுக்கக் கூடாது, இழுத்தால் இறுகும் என்று கட்டளையிட்டுவிட்டு, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து கயிற்றின் முனையைத் தேடினார். ஓர் ஆள் உயரம் ஏறுவதற்கு ஒரு தெரு நீளக் கயிறு எதற்கென்று நடத்துநர் சலித்துக்கொண்டார்.

"பன்னெண்டு கப்பிய்யா. பாரம் பன்னெண்டுல ஒரு பங்காகுது, கயிறு பன்னெண்டு மடங்காகுது" என்றார் தையல்காரர். "கைக்குச் சுகம்னா கயித்துல வசூல் பண்ணிடும். அந்தம்மா ஏறினதுக்கு நாம அவுத்துக்கிட்டிருக்கோம்."

"அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் மேலேயிருந்து மச்சினி, பேனாவைத் திறந்தபடி.

"மொதல்ல எறங்குற வழியப் பாருங்கம்மா."

சிக்கல் அவிழ நாற்பத்தோரு நிமிடம் ஆயிற்று. அதற்குள் நடத்துநர் புதிதாக வந்தவர்களுக்கு அதே கணக்கைத் தாம் கண்டுபிடித்ததுபோல் விளக்கத் தொடங்கியிருந்தார்.

தரையைத் தொட்டதும் மச்சினி முதல் வேலையாக, அங்கிருந்த பதினொரு பேரையும் தனித்தனியே அழைத்து, கப்பி என்ன செய்கிறதென்று கேட்டார். ஒன்பது பேர் சரியாகச் சொன்னார்கள். மின்காந்தத்தின் முன் நின்றவர்களையும் கேட்டார். அது பழுது என்று அனைவரும் ஒருமுகமாகச் சொன்னார்கள்.

அவர் நேர்மையானவர். அறிக்கையில், "நின்ற நேரத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது, மதிப்பீட்டாளரே தொங்கிக்கொண்டிருந்தார். ஆயினும் மக்களுக்குப் புரிந்தது. நேரத்தை அளப்பதை விட்டுவிட்டு, புரிந்ததா என்று கேட்கலாம். நாற்காலி இருக்கட்டும்" என்று எழுதினார்.

கப்பியார் அதை இரண்டு முறை படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூடத்தின் இயக்குநருக்கோ நீளமாக எதையும் படிக்கும் வழக்கமில்லை. அறிக்கையில் அவர் கண்ணில் பட்டவை இரண்டே செய்திகள்: அதிகாரி தொங்கினார், மக்களுக்குப் புரிந்தது. எனவே நாற்காலி நிரந்தரமாக இருக்கும் என்றும், வாரந்தோறும் ஓர் அதிகாரி அதில் தொங்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். முறை வகுக்கச் சீட்டுக் குலுக்கினார்கள்.

முதல் சீட்டில் வந்தது இயக்குநரின் பெயர். அவர் தொங்க வேண்டிய நாளன்று தையல்காரர் தம் மனைவி, இரண்டு மச்சான்கள், கடைக்கு வந்திருந்த வாடிக்கையாளர் என எல்லோரையும் கூட்டிக்கொண்டு, கதவு திறக்கும் முன்பே வந்து நின்றார்.