அடுப்பை அணைக்கப் போனவர்கள்

அத்தை இறந்த மறுநாள் காலை, வீட்டிலிருந்த புகைப்படங்கள் எதிலும் ஆட்கள் இல்லை. நாற்காலிகள் இருந்தன, பின்னால் தொங்கிய திரை இருந்தது, கல்யாணப் படத்து மேஜையில் பாதி குடித்த தண்ணீர் டம்ளர்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. பின்வரிசையில் நின்ற பெரியப்பா, முன்னால் சம்மணம் போட்டிருந்த பொடிசுகள், யாரோ மடியில் வைத்திருந்த கைக்குழந்தை உட்பட எல்லாரும் எழுந்து போயிருந்தார்கள். இதை முதலில் பார்த்தவள் அத்தையின் அண்ணன் மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் சொந்தத்தில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பேர். கோளாறு தன் கண்ணில்தான் என்று நினைத்து, கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வதுபோல் இடக்கண்ணை மூடி ஒரு தரமும் வலக்கண்ணை மூடி ஒரு தரமும் பார்த்தாள். இரண்டு கண்ணுக்கும் காலி நாற்காலிகள் துல்லியமாகத் தெரிந்தன. துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்ததால், காபி போடச் சமையலறைக்குப் போனாள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. அத்தை எடுத்த படங்களில் மட்டும்தான் ஆள் இல்லை. ஸ்டூடியோவில் எடுத்தவையும் பாஸ்போர்ட் படங்களும் எப்போதும்போல் முறைத்துக்கொண்டிருந்தன. எதிர்வீட்டுத் தையல்காரர், தன் மகளின் பிறந்தநாள் படத்தில் கேக் மட்டும் இருப்பதாக வந்து சொன்னார். மருந்துக்கடைக்காரர் வீட்டுப் படத்தில், அவர் புதிதாக வாங்கி, மேலே சாய்ந்துகொண்டு நின்ற ஸ்கூட்டர் துணைக்கு யாருமில்லாமல் நின்றது. யாரும் இதைப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எடுத்தவளே போய்ச் சேர்ந்துவிட்டாள், இனி யாருக்காக விறைப்பாக நிற்பது என்று தையல்காரரின் மனைவி கேட்டது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது.

அத்தை தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். ஊருக்கே அவள் குரலைத் தெரியும், முகத்தைத் தெரிந்தவர்கள் தெருவோடு சரி. முதல் சம்பளத்தில் ஒரு கேமரா வாங்கினாள். அன்றிலிருந்து குடும்பத்திலும் தெருவிலும் யார் பிறந்தாலும், மணந்தாலும், வீடு மாறினாலும் படம் எடுத்தவள் அவள்தான். அந்தக் குடும்பத்தாரை நிறுத்திவைத்துப் படம் எடுப்பது லேசான காரியம் இல்லை. தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள்போல் நிற்பார்கள். சிரிக்கச் சொன்னால் பல்லைக் காட்டுவார்களே தவிரச் சிரிக்க மாட்டார்கள். அத்தை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். எல்லாரையும் நிறுத்தி, ஒரு கண்ணை இறுக மூடிக் குறிபார்த்து, பொத்தானை அமுக்கும் நொடியில், "அடுப்ப அணைச்சீங்களா?" என்று கேட்பாள். அவ்வளவுதான். அத்தனை பேருக்கும் புருவம் மேலே ஏறும், வாய் அரைவாசி திறக்கும், கண்ணில் உயிர் வரும். அதைப் பிடித்துக்கொண்டு, "நான் அணைச்சிட்டேன், கலையுங்க" என்பாள். வருஷக்கணக்கில் இதே கேள்விதான், ஒரு தரமும் பொய்த்ததில்லை. ஏனென்றால் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்பது அந்தக் குடும்பத்தில் யாருக்குமே நினைவில் நின்றதில்லை. வெந்நீர்கூடப் போடத் தெரியாத பெரியப்பாவின் புருவம்தான் இருப்பதிலேயே உயரமாக ஏறியிருக்கும்.

இந்தப் புருவத்தால் ஒரு குழப்பம் நேர்ந்தது. பெரியப்பாவின் மருமகன், கண்ணாடிக்காரி மாமா என்று கூப்பிடுகிறவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குடும்ப வரலாறு எழுதக் கிளம்பினார். பதிவு அலுவலகங்களில் தூசி குடித்தார், காது கேட்காத கிழவர்களிடம் தொண்டை வறளக் கத்தினார், யாருக்கு யார் என்ன உறவு என்று வம்சமரம் ஒன்று வரைந்தார். சொந்தக்காரர்கள் அவருக்கு வேர்க்காரர் என்று பேர் வைத்தார்கள். பழைய படங்களைப் பரப்பிவைத்துப் பார்த்ததில், தாத்தா முதல் பேரன் வரை எல்லாருக்கும் புருவம் உயர்ந்தே இருப்பதையும் வாய் முழுதாக மூடாமல் இருப்பதையும் கண்டு, இது பரம்பரை அம்சம் என்று முடிவுகட்டினார். மனுஷனுக்குத் துப்பறியும் வேகம் வந்துவிட்டது. தையல்காரர் வீட்டுப் படத்திலும் அதே புருவம், மருந்துக்கடைக்காரர் வீட்டிலும் அதே புருவம், தெருவில் இன்னும் பல வீடுகளிலும் அதே புருவம். விட்டுப்போன பங்காளிகளைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து அவர்களையும் மரத்தில் ஏற்றினார். எங்கே பொருத்துவது என்று மட்டும் தெரியாமல், புள்ளிக்கோடு போட்டு ஓரமாகத் தொங்கவிட்டார். அவர்களும் மறுக்கவில்லை. உறவு என்று சொல்லி ஒருவர் வீடு தேடி வரும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று அடுத்த கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

மரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு முகம். அத்தைக்கு மட்டும் முகம் கிடைக்கவில்லை. எடுத்தவள் அவள் என்பதால் எந்தப் படத்திலும் அவள் இல்லை. உயிரோடு இருந்தபோது கேட்டதற்கெல்லாம், அப்புறம் பார்க்கலாம் என்று சிரித்து மழுப்பிவிட்டாள். அடையாள அட்டையில் இருந்த சாம்பல் நிறத் தீற்றலை, அதைக் கொடுத்த அலுவலகமே யாருடையது என்று கேட்டது. ஒருமுறை நிலைக்கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே எடுத்துப் பார்த்திருக்கிறாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஃபிளாஷ் வெளிச்சம்தான் விழுந்திருந்தது.

கண்ணாடிக்காரிக்கு இதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அத்தையின் முகம் அவளுக்கே நினைவுக்கு வரவில்லை. தாயில்லாத பிள்ளையாக அந்த வீட்டுக்கு வந்து அத்தை கையில் வளர்ந்தவள். கடையில் பகலெல்லாம் பார்ப்பது முகங்களைத்தான். யாருக்கு மூக்குத்தண்டு அகலம், யாருக்கு ஒரு காது மேலே என்று நாலு வருஷம் கழித்து வந்தாலும் சொல்லிவிடுவாள். ஆனால் அத்தையை நினைத்தால் இறுக மூடிய இடக்கண்ணும், இடது காதும், முகவாயும் வரும். மிச்சத்தை கேமரா மறைத்துக்கொண்டு நிற்கும். சாப்பாடு போட்ட முகம், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகம் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கேமரா முன்னால் வந்துவிட்டது. நன்றி கெட்ட ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டுக் கடையைத் திறக்கப் போவாள்.

படங்கள் காலியானதும் வேர்க்காரரின் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிகளும் காலியாகிவிட்டன. குடும்பம் முழுவதும் கூடுவதற்கு நாள் குறித்திருந்தது. அன்று சுவரை அடைக்கும் அளவுக்குத் துணியில் அச்சடித்து மரத்தைத் தொங்கவிடுவதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தார். வெறும் பெட்டிகளாகத் தொங்கவிட்டால் கடையில் அலமாரி விற்கிற விளம்பரமாகிவிடும் என்று பயந்து, ஆளாளுக்குக் கெஞ்சிப் பாஸ்போர்ட் படங்களைத் திரட்டி ஒட்டிக்கொண்டு வந்தார். புருவங்கள் எல்லாம் இறங்கிவிட்டன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அத்தையின் பெட்டியை என்ன செய்வது என்று கேட்கத்தான் ஒருநாள் கண்ணாடிக்காரியைத் தேடிக் கடைக்கே வந்தார். பிள்ளை குட்டி இல்லாதவள், அந்தக் கிளை அவளோடு நிற்கிறது, பார்க்கிறவர்களுக்கு ஓட்டை மாதிரி தெரியும், பேசாமல் எடுத்துவிடலாமா என்பது அவர் யோசனை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, ஒழுங்காக இருக்கவேண்டும் என்ற ஆசைதான்.

"முகம் இல்லாம பெட்டி போட்டா, யாரோ செத்துப்போன மாதிரி இருக்கும்மா" என்றார்.

"செத்துதானே போயிட்டா, மாமா" என்றாள் கண்ணாடிக்காரி. கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் மேலே பேசினாள். "அவளை எடுத்துட்டா உங்க மரத்துல யாரு மிச்சம்? அத்தன பேரையும் நிக்க வச்சதே அவதான்."

வேர்க்காரர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அச்சுக்குக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இதற்கிடையில் அந்த வீட்டில் அடுப்பு நிற்காமல் தொல்லை கொடுத்துவந்தது. பற்றவைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால் அணைந்திருக்கும். பால் காய்வதற்குள் மூன்று தடவை பற்றவைக்க வேண்டியிருந்தது. மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்து, குழாயிலும் குறையில்லை, அடுப்பிலும் குறையில்லை என்று கூலி வாங்கிக்கொண்டு போனான். தையல்காரர் வீட்டிலும் அதே கதைதான். கேஸ் சிலிண்டர் இரண்டு மடங்கு நாள் வந்ததால் அவர் மனைவி மட்டும் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடிக்காரி பாலை அடுப்பில் வைத்துவிட்டு, இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பின் திருகு தானாகத் திரும்பித் தீ அணைந்தது. அதோடு விடவில்லை. அணைத்த திருகை யாரோ மறுபடி அழுத்திப் பார்த்தார்கள். பிறகு இன்னொருவர், சற்று முரட்டுத்தனமாக. பிறகு மிகவும் கீழேயிருந்து, எட்டாமல் எட்டுகிற ஒரு சின்னக் கை. ஒருவர் அணைத்ததை அடுத்தவர் நம்பாமல் வரிசையாக வந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசி ஆள் பார்த்து முடித்ததும் முதல் ஆளுக்குத் திரும்பவும் சந்தேகம் வந்தது.

கண்ணாடிக்காரிக்கு எல்லாம் புரிந்தது. அத்தை பதிலைச் சொன்னதெல்லாம் பொத்தானை அமுக்கிய பிறகுதான், படத்துக்குள் நின்றவர்களுக்குக் கேள்வி மட்டுமே கேட்டிருந்தது, பதிலைச் சொல்லாமலே அவள் போய்விட்டாள். அந்தச் சொல் வராதவரை இவர்கள் கலையப்போவதில்லை. அந்த வீட்டில் அதைச் சொல்ல இனி தன்னைத் தவிர வேறு யாருமில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தை இறந்த அன்றுகூட இவ்வளவு வலிக்கவில்லை. எழுந்து நின்று, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சமையலறையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

"நான் அணைச்சிட்டேன். எல்லாரும் போய் நில்லுங்க."

திருகு அசையாமல் நின்றது. கூடத்துக்குப் போய்ப் பார்த்தபோது பெரியப்பா முதல் ஆளாக வந்து, படத்தில் தன் இடத்தில் நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள். அவசரத்தில் சிலர் இடம் மாறினார்கள். கல்யாணப் பெண் பள்ளிக்கூடப் படத்தில் போய் உட்கார்ந்து, அசடு வழிந்து, எழுந்து மாப்பிள்ளை பக்கத்துக்கு ஓடினாள். கைக்குழந்தையை யார் மடியில் வைப்பது என்பதில் சின்னதாக ஒரு பேச்சு நடந்து அடங்கியது. எல்லாரும் வந்து சேர்ந்தபின்னும் பெரிய குடும்பப் படத்தில் பின்வரிசைக்காரர்கள் தோளை ஒடுக்கி நகர்ந்து, நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். கடைசியாக அத்தை வந்தாள்.

அவளுக்கு நிற்கத் தெரியவில்லை. ஆயுசு முழுவதும் பிறரை நகர்த்தி நிறுத்தியவளுக்குத் தன் கையை எங்கே வைப்பது என்று விளங்காமல், பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் கேமரா பிடித்திருப்பதுபோல் முகத்துக்கு முன்னால் தூக்கி, இடக்கண்ணை இறுக மூடிக்கொண்டாள். செத்தும் முகத்தைக் காட்டமாட்டேன் என்கிறாளே என்று கண்ணாடிக்காரிக்குக் கோபம் கோபமாக வந்தது. கையை எடு என்று கெஞ்சினாள், சிரி என்றாள். கை இறங்கவில்லை. பிறகு பீரோவைத் திறந்து, துணியில் சுற்றிவைத்திருந்த அத்தையின் கேமராவை எடுத்தாள். உள்ளே ஃபிலிம் இல்லை. படத்துக்கு எதிரே நின்று, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து, விரலைப் பொத்தானில் வைத்தாள்.

"அத்தே, அடுப்ப அணைச்சியா?"

எல்லாரையும் கேட்டவளை அதுவரை யாரும் கேட்டதில்லை. அத்தையின் புருவம் ஏறியது, வாய் அரைவாசி திறந்தது, கை தானாக இறங்கியது. இரண்டு கண்ணும் ஒரே அளவில்லை. மூடி மூடி இடக்கண் கொஞ்சம் சிறுத்திருந்தது. மூக்கின் வலப்பக்கம் கேமரா அழுந்திய இடம் வழவழவென்று இருந்தது. மேலுதட்டுக்கு மேல் ஒரு மச்சம். சின்ன வயதில் அந்த மச்சத்தை விரலால் தொட்டுக்கொண்டுதான் தூங்குவாள் என்பது கண்ணாடிக்காரிக்கு அப்போது நினைவுக்கு வந்தது. கேமராவை இறக்காமலே அழுதாள். அழுது முடித்து, மற்றவர்கள் காத்திருப்பார்களே என்று, கலையுங்க என்பதை மட்டும் விட்டுவிட்டு, "நான் அணைச்சிட்டேன்" என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினாள். யாரும் அசையவில்லை.

சாயங்காலம் வேர்க்காரர் வந்து, திரும்பி வந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிச் சரிபார்த்தார். அத்தையை மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டப்போய்ப் பார்த்தவர், புருவத்தைப் பார்த்தாயா, பரம்பரை அம்சம், நான் சொன்னேனே என்று பூரித்துப்போனார். கண்ணாடிக்காரி மறுக்கவில்லை. தையல்காரரையும் மருந்துக்கடைக்காரரையும் புள்ளிக்கோட்டில் தொங்கிய மற்றவர்களையும் அத்தையின் பெட்டியிலிருந்து கோடு இழுத்துப் பொருத்தச் சொன்னாள், அவருக்கும் அதுவே சரியாகப் பட்டது. குடும்பம் கூடிய அன்று சுவரில் தொங்கிய மரத்தில், பிள்ளை குட்டி இல்லாத அத்தைக்குக் கீழேதான் கிளைகள் அதிகமாக இருந்தன. இடம் போதாமல் கடைசி இரண்டு வீட்டாரை மடித்து ஒட்டவேண்டி வந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை கண்ணாடிக்காரி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கூடத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். அத்தனை பேரும் புருவத்தை உயர்த்தியபடி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவளே போய் அணைத்தாள்.