காலி வேன்

செஞ்சியில் டூரிஸ்ட் வேன் ஓட்டும் சேரனுக்கு மழைக்காலம்தான் அறுவடை. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் போதும், வெயிலில் வெந்துபோன ஊர்க்காரர்கள் செங்கோட்டைக் கணவாயில் நனைய ஆசைப்பட்டு அவன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். இந்த வருஷம் அவன் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தான். செங்கோட்டையில் எல்லோரையும் ரயிலில் ஏற்றிவிடுவான். குகை, பாலம், அருவி எல்லாம் பார்த்துக்கொண்டு அவர்கள் போக, அவன் காலி வேனை மலைச்சாலையில் ஓட்டிப்போய்ப் புனலூரில் ஏற்றிக்கொள்வான். பிறகு கடலோரமாகவே கன்னியாகுமரி போய் ஊர் திரும்புவார்கள்.

ஊரே மெச்சியது. அவன் மனைவி பாரதி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஓய்வுபெற்ற வாத்தியார் கோதண்டராமன் அங்கே வந்து, ஊசிக்குக் கை நீட்டியபடியே, "ரயிலே வராத ஊர்ல கெடக்கற எங்களுக்கு ரயில் காட்னாம்மா உன் வூட்டுக்காரன்" என்று புகழ்ந்தார்.

பாரதிக்கு மட்டும் அந்தக் காலி வேன் தொண்டையில் முள்ளாக நின்றது. போன வருஷம் அதே மலையில் ஆட்களை வைத்துத்தானே ஓட்டினான்? வண்டியை நிறுத்தி நிறுத்தி வீடியோ எடுத்து அனுப்பி, "பாருடி, பாருடி" என்று கத்துவானே. இப்போது மலை ஏறினால் போன் அணைந்துவிடுகிறது. கேட்டால் டவர் இல்லையாம். போன வருஷம் இருந்த டவரை எவன் பிடுங்கிக்கொண்டு போனான்? வீட்டுக்கு வந்தாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோற்றைப் பிசைந்தபடி எங்கேயோ பார்க்கிறான். இதற்கெல்லாம் பொருள் தெரியாத அளவுக்கு அவள் ஒன்றும் நேற்றுக் கல்யாணம் ஆனவள் இல்லை. மலையில் ஒருத்தி இருக்கிறாள், காலி வேனில் ஏறுகிறாள்.

"இந்த வாட்டி நானும் வரேன்" என்றாள்.

"சீட்டு இல்ல பாரதி."

"ரெண்டு சீட்டு காலின்னு நீயே போன்ல சொன்ன. யாருக்கு வச்சிருக்க?"

அவன் வண்டி துடைக்கப் போய்விட்டான். அவள் லீவு போட்டுவிட்டாள்.

செங்கோட்டை ஸ்டேஷனில் சாரல் அடித்தது. பாரதிக்கு ஜன்னல் சீட்டுப் பிடித்துக் கொடுத்துவிட்டு அவன் இறங்கிப் போனான். ரயில் கிளம்புவதற்குள் அவளும் இறங்கி, நேரே வேனுக்கு வந்து, முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

சேரன் முகம் செத்துப்போயிற்று. "நீ ஏன் எறங்குன? பஸ் இருக்குது, அதுல வா."

"ஏன், வர்றவளுக்கு எடம் வேணுமா?"

"எவ வர்றா?"

"வண்டிய எடு. எவ ஏறுறான்னு நானும் பாக்கறேன்."

சாவியைத் திருகினான். வேன் உறுமியதே தவிர நகரவில்லை. கியரில் வைத்த கை வெடவெடவென்று ஆடியது. களவில் அகப்பட்டவன் கை இப்படி ஆடாது என்று அவளுக்கே தோன்றியது.

"போன மழைல," என்றான், கண்ணாடியைப் பார்த்தபடி. "ஆரியங்காவு தாண்டி ஒரு வளைவுல பிரேக்கு புடிக்கல. பின்னால எல்லாரும் பாடிகினு இருந்தாங்க. சக்கரம் பள்ளத்து ஓரமா போயி நின்னுச்சு. சேத்துல மாட்டிக்கிச்சுன்னு சொல்லி சமாளிச்சிட்டேன். அதுலேர்ந்து ஆள வச்சினு இந்த மலைல என்னால ஓட்ட முடியல."

"வெளிய சொல்றதுக்கு இன்னா?"

"மலைக்குப் பயப்படறவன்னு பேரு வந்துட்டா செஞ்சில எவன் என் வண்டில ஏறுவான்?"

"அப்ப நீ மட்டும் எப்டி ஓட்ற?"

"போனை அணைச்சிட்டுத் தனியா போனா கை ஆடாது. விழுந்தா நான் மட்டும்தான போவேன்."

ஒவ்வொரு சவாரிக்கும் வீட்டில் உட்கார்ந்து பாரதி அந்த இல்லாத பெண்ணுக்கு நிறம் கொடுத்தாள், புடவை கட்டிவிட்டாள், பெயர்கூட வைத்துவிட்டாள். அந்த நேரமெல்லாம் இவன் மழையில், செத்தாலும் சரி என்று தனியாக மலை ஏறிக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. சாவியைப் பிடுங்கினாள்.

"ஸ்டாண்ட்ல ஆக்டிங் டிரைவர் கெடப்பான், அவன் ஓட்டட்டும். நீ என் பக்கத்துல ஒக்காந்து பஸ்ல வா."

"ஜனங்க இன்னா நெனைப்பாங்க?"

அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அழுகை உடைந்தது.

"இதுக்கு நீ ஒருத்திய வச்சினே இருந்திருக்கலாம்யா. சண்ட போட்டாவது உன்ன இழுத்தாந்திருப்பேன்."