லாபம், ரெண்டு, மூணு

எங்கள் பாலவாடி கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு பழைய நெல் குடோனில் நடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று குழந்தைகள் வரிசையாக நின்று ஒன்றிலிருந்து நூறு வரை ஒரே மூச்சில் சொன்னார்கள். மேற்பார்வையாளர் ஜானகியம்மாள் என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார்.

அவர் போன பிறகு புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டினேன். பிச்சைமணி என்ற பையனிடம் நாலு எடுத்துத் தரச் சொன்னேன். அவன் கை நிறைய அள்ளிக் கொடுத்தான். அடுத்த குழந்தையும் அப்படியே அள்ளியது. எழுத்தும் அப்படித்தான் இருந்தது. 'அ, அம்மா' என்று பாடுவார்கள். அட்டையில் 'ஆ' மட்டும் எழுதிக் காட்டினால் விழிப்பார்கள். பாட்டை நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் வரும்.

கல்லூரி ரசாயனக் கூடத்தில் கையில் இருப்பது என்ன உப்பு என்று தெரியாமல் அடுத்த திரவத்தை ஊற்ற விடமாட்டார்கள். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். ஒவ்வொரு குழந்தையாகத் தனியே உட்கார வைத்து, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்த்தேன். தெரியாத இடத்திலிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். நூறு வரை ஒப்பிப்பதை நிறுத்தினேன்.

சமையல் ஆயா பொன்னாத்தாள் கோதுமை உப்புமாவைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க டீச்சர், பிஎஸ்சி படிச்சுப்போட்டு புளியங்கொட்டை எண்ணவா வந்தீங்க? எங்க ஊட்டு எருமை மேய்க்கற பையனே எண்ணுவானுங்களே."

"அவனும் வரட்டும், ஆயா."

"வந்தான்னா உப்புமா பத்தாதுங்க."

ஜானகியம்மாளுக்கு விஷயம் எட்டியது. அவர் வந்து சுவரோரம் நின்று பார்த்தார். பிச்சைமணி ஏழு கொட்டைகளை எண்ணி எடுத்தான். இரண்டைத் திருப்பிக் கேட்டேன். கொடுத்துவிட்டு, "அஞ்சு இருக்குங்க டீச்சர்" என்றான்.

"நல்லாத்தான் இருக்குது, அம்மிணி" என்றார் ஜானகியம்மாள். "ஆனா மேலே இருக்கறவங்களுக்கு நூறு வரைக்கும் காதுல விழோணும். மார்ச்சுல பரிசோதனைக்கு ஆபீசர் வர்றாரு. புள்ளைங்க தேறிப்போட்டா எல்லாப் பாலவாடியிலயும் உன்ற முறையவே வெக்கச் சொல்றேன். இல்லீன்னா பழையபடி ஒப்பிக்க வெச்சுரு. பேச்சு மாறக் கூடாது."

நான் தலையாட்டினேன். அவரிடம் இதற்குமேல் பேச எனக்கு வராது. ஆனால் அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, எல்லாப் பாலவாடியிலும் என்று எனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

எல்லோரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்டவள் சௌதா. ஐந்து வயது. அவள் அத்தா பரீது பஸ் நிற்கும் இடத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பொள்ளாச்சி பஸ்ஸின் பலகையைப் பார்த்து 'பொ'வை அவளாகவே கண்டுபிடித்தாள். பொன்னாத்தாள் பெயரிலும் அதே எழுத்துதான் என்று நான் சொன்னபோது, ஆயாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "நீ பஸ்ஸா?" என்று கேட்டாள்.

மார்ச்சில் ரத்தினசாமி என்ற ஆபீசர் ஜீப்பில் வந்தார். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் பேசினார். கையில் மலையாளத்தில் அச்சடித்த தாள்கள். எண்ண வைப்பதற்கான மர உருண்டைகளை ஆபீசிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். புளியங்கொட்டை டப்பாவை நீட்டினேன்.

"இது தினமும் பாக்கறதுதானே? வேற ஏதாச்சும் வேணும்" என்றவர், பொன்னாத்தாளைப் பரீது கடைக்கு அனுப்பிக் கடலைக்காய் வாங்கிவரச் சொன்னார்.

கடலைக்காய், கடைச் சாக்கில் அளக்கும் படியோடேயே வந்தது. படியைக் கவிழ்த்துக் கொட்டினார். முதலில் சௌதாவைத்தான் கூப்பிட்டார்.

"எண்ணு, கண்ணு."

அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் அத்தா கடையில் உட்காருவது போலவே. ஒரு கடலைக்காயை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"லாபம்" என்றாள். "ரெண்டு. மூணு. நாலு."

எங்கள் பக்கத்தில் வியாபாரத்தில் அளக்கும்போது முதல் படிக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்று தொடங்கினால்தான் சரக்கு பெருகும் என்பார்கள். களத்தில் நெல் அளக்கும்போதும் அப்படித்தான். புளியங்கொட்டைக்கு அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இது கடைச் சரக்கு.

ரத்தினசாமி பேனாவை வைத்துவிட்டார். "போதும். அடுத்த ஆளு."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கெட்டிக்காரி சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிச்சைமணி லாபம் என்றான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் லாபம் என்றார்கள். ஒருவரையும் அவர் 'ரெண்டு' தாண்ட விடவில்லை.

நான் குறுக்கே போனேன். "சார், லாபம்னா..."

"ஒண்ணுதான். எனக்குத் தெரியாதா? எங்க களத்துலயும் அப்படித்தாம்மா அளப்போம்." அவர் தாளைத் திருப்பி என்னிடம் காட்டினார். "முதல் எண் தப்புன்னா அங்கேயே நிறுத்தணும்னு போட்டிருக்கு. இதை அங்கே திருவனந்தபுரத்துல பாக்கறவனுக்கு யாரு போய்ச் சொல்றது?"

"இன்னொரு தடவை, புளியங்கொட்டையில..."

"ஒரு தடவைதாம்மா."

எழுத்து அட்டைகளை நான் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவர் கேட்கவில்லை. எண்ணிக்கையில் தேறாதவர்களுக்கு அடுத்த பகுதி கிடையாதாம்.

அடுத்த ஊர்ப் பாலவாடியில் எல்லாக் குழந்தைகளும் தேறியதாக ரிசல்ட் வந்தது. அங்கே நூறு வரை ஒப்பித்தார்கள். எங்கள் பாலவாடியில் ஒருவரும் தேறவில்லை. ஜானகியம்மாள் திட்டவில்லை. "பேச்சுன்னா பேச்சு, அம்மிணி" என்று மட்டும் சொன்னார். மே மாதம் மறுபரிசோதனை என்றும், அதற்குள் அடுத்த ஊருக்குப் போய் அங்கே எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நான் பார்த்து வரவேண்டும் என்றும் உத்தரவு.

பரீது கடையைச் சாத்திவிட்டு வந்தார். கூடவே இன்னும் சில தகப்பன்கள்.

"டீச்சரம்மா, என் கடைப் பேச்சு எம்மவளுக்கு வேணாம்" என்றார். "இனி அவளைக் கல்லாப் பக்கமே விடமாட்டேன். அந்த ஊர்ல காளிச்சாமி மவன் நூறு சொல்றான். இவ ஏன் சொல்லக் கூடாது? தலையெழுத்தா?"

"அவளுக்கு நல்லா எண்ணத் தெரியுங்க."

"தெரிஞ்சு? முட்டை வாங்கிட்டு வந்தாளே!"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

புளியங்கொட்டை டப்பாவைப் பொன்னாத்தாள் சமையல்கட்டுப் பரணில் ஏற்றி வைத்தாள். காலையில் நூறு, உப்புமாவுக்கு முன்னால் நூறு, வீட்டுக்குப் போகும்போது நூறு. நான் பிரம்பால் பலகையில் தட்ட, குழந்தைகள் சொன்னார்கள். இரண்டு வாரம்வரை சௌதா, "எதை எண்ணறோம் டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்கவில்லை.

மே மாதம் ரத்தினசாமி மர உருண்டைகளோடு வந்தார். ஐந்து உருண்டைகளைச் சௌதாவின் முன் வைத்தார். அவள் எழுந்து நின்று, கைகளைக் கட்டி, கண்களை மூடிக்கொண்டாள். ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்தாள். இருபதைத் தாண்டும்போதே அவர் தாளில் சரி போட்டுவிட்டார். அவள் நிறுத்தாமல் நூறு வரை போனாள்.

"சபாஷ்!" என்றார். எல்லோரும் தேறினார்கள். ஜானகியம்மாள் என் தோளில் தட்டி, "இதை முதல்லயே செஞ்சிருக்கலாம் அல்ல?" என்றார்.

அவர்கள் டீ குடிக்கும்போது நான் சௌதாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். உருண்டைகள் இன்னும் தரையில் கிடந்தன.

"எத்தனை இருக்கு, சௌதா?"

அவள் விரலால் ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு தலையைத் தூக்கி ஜானகியம்மாளைப் பார்த்தாள்.

"நூறு" என்றாள்.