ஜன்னல் இடுக்கில் ஒரு காலுறை

எங்கள் சமையலறை ஜன்னலை முழுதாகச் சாத்தி வெகுகாலம் ஆயிற்று. கார் சார்ஜரின் கேபிள் அதன் வழியாகத்தான் உள்ளே வந்து, கெட்டிலுக்காக வைத்திருந்த பிளக் பாயிண்ட்டில் சேரும். மிச்ச இடுக்கில் கொசு நுழையாமலிருக்க என் மனைவி தன் நீலக் காலுறை ஒன்றைத் திணித்து வைத்திருந்தாள். ஜோடி தொலைந்துபோன காலுறை.

காரும் அவளுடையதுதான். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் அவள். சாயங்காலம் பிளக்கைச் சொருகினால் விடியும்வரை மெல்ல மெல்ல ஏறும். அதுவரை கெட்டிலை நான் நினைக்கவே கூடாது.

"வண்டி சாப்பிட்டுட்டு இருக்கு. உங்க காபிக்கு என்ன அவசரம்?"

படுக்கப் போகும் முன் புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பாள்.

"என்ன, பிள்ளைக்கு ஜுரமா?" என்பேன்.

"நல்லாத்தான் இருக்கான். நீங்க போய்ப் படுங்க."

அவள் இறந்துபோன பிறகும் அந்தக் கேபிளை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. சார்ஜ் நிறைந்த காரில் மேற்கொண்டு ஏறாது. அதனால் தினமும் எங்கெங்கோ ஓட்டிச் சுற்றி, சார்ஜைத் தீர்த்துக்கொண்டு வந்து சொருகினேன்.

ஒரு மாலை சமையலறையில் பிளாஸ்டிக் கருகும் வாடை. பதறிப்போய் மெயினை அணைத்துவிட்டு அவள் தம்பியைக் கூப்பிட்டேன். எலக்ட்ரீஷியன். வீட்டில் எல்லோருக்கும் அவன் 'ஷாக்கு'.

மறுநாள் காலையிலேயே வந்து பாயிண்ட்டைக் கழற்றினான். உள்ளே பித்தளை கறுத்து, ஓரம் உருகியிருந்தது.

"கெட்டில் அஞ்சு நிமிஷம் இழுக்கும் மாமா. இது ராத்திரி பூரா இழுக்குது. தனி லைன் போடலாம்னு அக்காகிட்ட அப்பவே சொன்னேன். 'நீ சுவரை உடைப்பே, நான் தினம் தொட்டுப் பாத்துக்கறேன்'னுட்டா. சுட்டா உடனே நிறுத்திடுவா."

நான் அதை விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

"போர்டுலேருந்து தடி ஒயர் இழுத்து, வெளிச் சுவர்ல பாயிண்ட் வச்சிடறேன். இனிமே ஜன்னலைச் சாத்திக்கலாம்."

"வேண்டாம். அவ வச்சது வச்சபடி இருக்கட்டும்."

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தபடியே அவன் சொன்னான்: "வீடு பத்திக்கிட்டா அக்கா கனவுல வந்து என்னைத்தான் திட்டுவா. உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. எப்பவுமே அவ நியாயம் அதுதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எவ்வளவு நாளாயிற்றோ.

"சரி, உடை" என்றேன்.

இருட்டுவதற்குள் வேலை முடிந்தது. கெட்டிலுக்கும் புது பாயிண்ட் வைத்திருந்தான். காலுறையை உருவி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன். வெளியே கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க, உள்ளே கெட்டில் கொதித்தது. ஷாக்கு காபி குடித்துவிட்டுத்தான் சாமான்களைக் கட்டினான்.

அவனை வழியனுப்ப வெளியே வந்தவன், சுவரோரம் நின்று புறங்கையால் பிளக்கைத் தொட்டேன். சுடவில்லை.

"என்ன மாமா, என் வேலை மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்லடா. நல்லாத்தான் இருக்கான்" என்றேன்.