சைக்கிளுக்கு ஒரு சத்தம் வேண்டும்

1

இந்தக் கதையை எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் வாங்கினேன்.

கொடுத்தவள் ஓரியெட்டா. இத்தாலியின் இந்த மார்க்கே குன்றுகளுக்கு நடுவே எங்கள் ஊரில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள். நான் அதே ஊர்ச் செவ்வாய்ச் சந்தையில் இருபத்தாறு வருடமாகத் துணி விற்கிறவன். பேரம் பேசியே வளர்ந்த ஜவுளிக் குடும்பம் என்னுடையது. எதிரில் நிற்பவர் எதைச் சொல்ல மறந்தார் என்று பார்ப்பதுதான் எங்கள் வீட்டில் அரிச்சுவடி. ஓரியெட்டா "எழுதக் கூடாது" என்றாள். எந்த மொழியில் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

2

காலை வெயில் சூரியகாந்தி வயல்களின் மேல் பொன்னை உருக்கி ஊற்ற, இரண்டு முதியவர்கள்

(வேண்டாம். எடுத்த எடுப்பில் சரக்கின் பளபளப்பைப் பேசுகிற கடைக்காரனிடம் எனக்கே சந்தேகம் வரும்.)

எழுபத்தோரு வயதில் ஒரு மனிதன் தன் நண்பனை ஏமாற்றத் தொடங்கினால்

(இது நீதிக்கதைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.)

நசரேனோவும் எல்வியோவும் பத்தொன்பது வருடமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரே ஏற்றத்தில் சைக்கிள் மிதித்தார்கள். இது பரவாயில்லை, வைத்துக்கொள்ளலாம். செவ்வாய் எதற்கென்றால், அன்று கார்களெல்லாம் சந்தைக்கு இறங்கிவிடும். மலைச்சாலை காலியாக இருக்கும். டயர் தார்மேல் உருள்வது, எங்கோ ஒரு நாய், இரண்டு பேரின் மூச்சு, அவ்வளவுதான் கேட்கும்.

நசரேனோ காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டியவர். எல்வியோ அக்கார்டியன் பெட்டிகளுக்குச் சுருதி சேர்த்தவர்.*

* சுருதி சேர்த்த அந்த மனிதரின் காதுகளை மறந்துவிடாதீர்கள். கதையே அவற்றுக்குள்தான் இருக்கிறது.

3

அவர்களுடைய சட்டம் இரண்டே இரண்டு. முதலில் உச்சிக்குப் போய்ச் சேர்பவர் குழாயடியில் மற்றவரின் பாட்டிலையும் நிரப்பவேண்டும். அநேகமாக எப்போதும் நிரப்பியவர் நசரேனோ. இரண்டாவது, ஏற்றத்தில் பேசக்கூடாது. இது அவர்கள் இருவருக்குமான சட்டம் மட்டுமில்லை, இந்தப் பக்கத்தில் சைக்கிள் மிதிக்கிற எல்லாருக்கும் உண்டு. ஏற்றத்தில் ஒருவன் வாயைத் திறந்தால், 'எனக்கு மூச்சு மிச்சமிருக்கிறது, உனக்கு இருக்கிறதா?' என்று கேட்டதாக அர்த்தம். அதைவிட முகத்துக்கு நேராகத் திட்டிவிடலாம்.

போன குளிர்காலத்தில் நசரேனோவுக்கு நெஞ்சில் சிகிச்சை நடந்தது. மருத்துவர் சமதரையில் மட்டும் ஓட்டலாம் என்றார். எங்கள் ஊரில் சமதரை என்பது சந்தைத் திடலும் கல்லறைத் தோட்டமும்தான்.

மின்சார சைக்கிள் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதில் ஏறிப் போகிறவர்களைப் பார்த்து, "பஸ்ஸுல போனா இன்னும் சுகமா இருக்குமேடா" என்று வருடக்கணக்கில் காப்பிக் கடை வாசலிலிருந்து கத்தியவரே நசரேனோதான். அந்த வாயை வைத்துக்கொண்டு எப்படி வாங்குவார்? ஒரு மதியம் ஓரியெட்டாவின் கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னாராம். சீட்டைத் தாங்குகிற குழாய்க்குள் நுழைகிற சின்ன மோட்டார் ஒன்று, பாட்டில் வடிவத்தில் பேட்டரி, கைப்பிடிப் பட்டைக்கு அடியில் ஒரு பொத்தான். யார் கண்ணுக்கும் தெரியாது.

"எல்வியோவுக்குத் தெரிஞ்சா?" என்று ஓரியெட்டா கேட்டிருக்கிறாள்.

"தெரிஞ்ச அன்னைக்கே சைக்கிளை வித்துடுவேன்" என்றாராம்.

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை என்பது ஓரியெட்டாவுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

4

கண்ணுக்குத் தெரியாது, சரி. காதுக்கு?

ஏப்ரலில் முதல் செவ்வாய். பாதி ஏற்றத்தில் எல்வியோவுக்கு அந்த மோட்டாரின் முனகல் கேட்டுவிட்டது. தேனீ மாதிரி, ஆனால் மிதியோடு சேர்ந்து ஏறி இறங்குகிற தேனீ.

எல்வியோ என்ன செய்தார் என்று எழுதுவதற்குமுன் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இந்த மனிதர்மேல் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு நல்லவர் எங்கே கிடைப்பார்? பத்தொன்பது வருடம் இரண்டாவதாக வந்தவருக்கு உள்ளுக்குள் ஒரு துளி சந்தோஷம்கூடவா இருந்திருக்காது? முதல் வரைவில் அவரைக் கொஞ்சம் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். பிறகு ஓரியெட்டாவிடமே கேட்டேன். இருந்ததாம். அன்றைக்கு இறக்கம் முழுக்கத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்ததாக அவரே சொன்னாராம். இப்போது நம்பிவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. தனக்குக் கேட்டது என்று நசரேனோவுக்குத் தெரிந்தால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். தன் காது எப்படிப்பட்டது என்பது நசரேனோவுக்கு நன்றாகத் தெரியும். 'இந்தச் சாலையில் இது எல்வியோவுக்குக் கேட்காமல் இருக்குமா' என்று அவர் எந்த நிமிடமும் யோசிக்கலாம். கேட்கவில்லை என்று நம்பவைக்க ஏதாவது சத்தம் வேண்டும்.

அதனால் அடுத்த செவ்வாய் எல்வியோ ஏற்றத்தில் பேசினார்.

நாலு கிலோமீட்டர். ஆலிவுக்குள் இறைச்சியை அடைத்துப் பொரிப்பது எப்படி என்று. சதையைச் சுருளாகச் சீவிக் கொட்டையை எடுப்பது, ஜாதிக்காய் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு காயவேண்டும். அவருக்கே எழுபது வயது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். பேசுவதற்காக உயிரைப் பிடித்துக்கொண்டு மிதித்திருக்கிறார்.

உச்சியில் நசரேனோ பாட்டிலை நிரப்பவில்லை.

"அவ்வளவு மூச்சு மிச்சமிருக்காடா உனக்கு? அப்ப நீ தனியாவே போ. எனக்காக யாரும் மெதுவா மிதிக்க வேண்டாம்."

ஐந்து செவ்வாய்கள் அவர் வரவில்லை.

5

(இங்கே ஒரு சமாதானக் காட்சி எழுதினேன். காப்பிக் கடை, இரண்டு கோப்பை, எல்வியோ உண்மையைச் சொல்கிறார், நசரேனோ அழுகிறார். கிழித்துவிட்டேன். அந்த இரண்டு பேரைத் தெரிந்தவர்கள் யாரும் அதைக் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். உண்மையைச் சொன்னால் சைக்கிள் விற்கப்படும். சொல்லாவிட்டால் அவமானம் அப்படியே நிற்கும்.)

நடந்தது இது. எல்வியோ தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரியெட்டாவின் கடைக்குப் போனார்.

"இதுல ஒரு சத்தம்."

"போகணுமா?"

"வரணும். ஏத்தத்துல மிதிக்கிறப்ப."

இதன் விபரீதம் சைக்கிள்காரர்களுக்குத்தான் புரியும். ஒரு கிறீச் சத்தத்தைத் துரத்திக்கொண்டு, முழு சைக்கிளையும் மூன்று முறை கழற்றி மாட்டுகிறவர்கள் இவர்கள். அதைக் கேட்டு வாங்க வந்த ஒரே மனிதருக்கு ஓரியெட்டா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாளாம்.

"எதுக்குன்னு கேக்கமாட்டியாம்மா?"

"கேட்டா நீங்க சொல்லிடுவீங்க. அப்புறம் நான் பொய் சொல்லணும். உக்காருங்க."

சீட்டுத் தண்டை உருவி, கிரீஸை வழித்து, குழாய்க்குள் இரண்டு சிட்டிகை மணல் போட்டாள். முப்பது வருடத் தொழிலில் கை கூசிய முதல் வேலை என்றாள். எல்வியோ கடையைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தாழ்வா இருக்கணும். அதோட சேர்ந்து போகணும்" என்றார். எதோடு என்று அவள் கேட்கவில்லை. இன்னொரு சிட்டிகை போட்டாள்.

அன்று மாலையே எல்வியோ நசரேனோவின் வீட்டுக்குப் போய்க் கதவுக்கு வெளியே நின்றபடி சொன்னாராம்: "என் சைக்கிள் கத்துது. எங்கேருந்து வருதுன்னு தெரியலை. செவ்வாய்க்கிழமை பின்னாடி வந்து கேட்டுச் சொல்லுடா. நான் வாயைத் திறக்கமாட்டேன்."

கதவு திறக்கவில்லை. மறுநாள் எல்வியோ ஓரியெட்டாவின் கடைக்கு வந்து, அவள் கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாராம். ஓரியெட்டாவிடம் இருந்த கதை இவ்வளவுதான்.

6

மிச்சத்தை நான் போய்த்தான் எடுக்கவேண்டியிருந்தது. எல்வியோ கூப்பிட்டிருந்த அந்தப் போன செவ்வாய், இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகச் சந்தையில் கடை விரிக்காமல், வேனை உச்சிக்கு ஓட்டிப்போய்க் குழாயடியில் நின்றேன். கடைசி வளைவுக்கு அந்தப் பக்கம் சாலை தெரியாது. ஏற்றத்தின் சத்தம் மட்டும் மேலே வரும்.

ஒன்பதரைக்கு வந்தது. கிறீச். கிறீச். அழகான சத்தம், மிதிக்கு ஒன்று.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அதற்கு அடியில் தேனீ இருக்கிறதா? தெரியவில்லை. தெரியாமல் இருக்கத்தானே அந்த மணல். வருவது ஒருவரா இருவரா என்று இந்தக் கிறீச் என்னிடமும் சொல்லாது.

இன்னும் இரண்டே நிமிடம் நின்றால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது: நசரேனோ வந்திருந்தால், சந்தை நாளில் கடை விரிக்காமல் குழாயடியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற துணிக்காரனை அவரும் பார்ப்பார். தோலை ஒரு பார்வையில் எடைபோட்டவர். நான் எதற்கு நிற்கிறேன் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு பார்வை போதும்.

வேனை நியூட்ரலில் போட்டு, எஞ்சினைக் கிளப்பாமலே, அந்தப் பக்கச் சரிவில் உருளவிட்டேன்.

அதனால் முடிவு என்னிடம் இல்லை. ஆனால் உங்களை அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் நிற்கலாம். கிறீச் கடைசி வளைவுக்கு வந்துவிட்டது. குழாயடியில் நிரம்பப்போவது ஒரு பாட்டிலா இரண்டா என்று பாருங்கள்.

பார்த்ததை என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் எப்படிப்பட்ட வாக்குக் கொடுப்பேன் என்றுதான் உங்களுக்குத் தெரியுமே.