கேட் வரிசையில் ஏழாவது ஆள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் திருச்செல்வத்தை நான் அடிக்கவில்லை. அடித்தேன், மூக்கு உடைந்தது, ஆம்புலன்ஸ் வந்தது என்று எங்கள் மலை ஊரான பிரிஞ்சாங் சந்தை முழுக்கக் கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். சட்டைக் காலரைப் பிடித்தேன், அது உண்மை. பிடித்ததற்காக எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

நான் புனிதன். கியா பார்மில் பூ வியாபாரம். ரோஜாவையும் சாமந்தியையும் ஃபோம் பெட்டியில் அடுக்கி லோரி ஏற்றி அனுப்புவது பிழைப்பு. மிச்ச நேரத்தில் மேசைமேல் சின்னதாகப் போர்க்களம் செய்வது என் பைத்தியம். டாங்கி, பதுங்குகுழி, இடிந்த பாலம், சுண்டுவிரல் உயரத்தில் பட்டாளத்தான். கடையில் வாங்கிய பொம்மை ஒன்றுகூட இருக்காது, எல்லாம் வீட்டில் கிடக்கும் சாமான்தான். "ஏங்க, பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்ச் எங்க? மறுபடியும் காடாக்கிட்டீங்களா?" என்று என் மனைவி குமுதா கத்தாத வாரம் கிடையாது.

ஜூன் மாதம் திருச்செல்வம் என் கடைக்கு வந்தார். ஜொகூரிலிருந்து மாற்றலாகி வந்து எட்டே மாதமான அரசாங்க அதிகாரி, முப்பத்தைந்து வயதிருக்கும். ஆகஸ்ட்டில் தானா ராத்தா டவுனில் நடக்கும் வரலாற்றுக் கண்காட்சிக்கு அவர்தான் செயலாளர்.

"அண்ணே, வெள்ளக்காரன் காலத்து அவசரகாலத்துல நம்ம மலை எப்படி இருந்துச்சுன்னு ஒன்னு செஞ்சு குடுங்கண்ணே. பட்டாளம், காடு, கம்யூனிஸ்டு எல்லாம் வேணும்லா. நல்லா பெருசா."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா பெயர் சிங்காரம். எண்பது வயது, தேயிலை பேக்டரியில் உழைத்து ஓய்ந்தவர். குடித்துக்கொண்டிருந்த கோப்பியைக் கீழே வைத்தார்.

"கேட்டு செய்வியா?"

"எந்த கேட்டுப்பா?"

"தோட்டத்து மேல் டிவிஷன் கேட்டு. கம்பி வேலி கேட்டு."

அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைச் சுற்றி வெள்ளைக்கார அரசாங்கம் முள்கம்பி வேலி போட்டிருந்தது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாதாம். வேலைக்குப் போகும் சனம் தினமும் காலையில் கேட்டில் வரிசையாக நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, மடியை உதறிக் காட்ட வேண்டும். 1952-ல் ஒரு நாள் அந்த வரிசையில் என் தாத்தா சின்னக்கருப்பன் ஏழாவது ஆளாக நின்றார். இடுப்பில் செருகிய துணிப் பொட்டலத்தில் ஒரு துண்டு அவித்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது. மத்தியானச் சாப்பாடு, வேறென்ன? பட்டாளத்தான் அவரை இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் போனான். இரண்டு வெடிச்சத்தம். சாயங்காலத்துக்குள் 'காட்டில் கம்யூனிஸ்டு ஒருவன் சுடப்பட்டான்' என்று செய்தி ஆகிவிட்டது.

வேலிக்கு உள்ளே நின்று இதைப் பார்த்தபோது அப்பாவுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து அவர் 'காட்டுக்காரன் மகன்'. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அப்படித்தான் கூப்பிட்டார். தண்ணீர்க் குழாயடிச் சண்டையில் ஊரே அப்படித்தான் ஏசியது. பெண் கேட்டுப் போன இடத்தில் அதைச் சொல்லியே இரண்டு பேர் கதவைச் சாத்தினார்கள். சுட்டவனை விடுங்கள், அவன் அந்நியன். கூடவே வரிசையில் நின்று கண்ணால் பார்த்த நம் சனம் ஏன் வாயை மூடிக்கொண்டது?

"எங்கப்பாவ அந்த வரிசையில நிறுத்துடா," என்றார் அப்பா. "ஏழாவது ஆளு. அவரு வரிசையிலதான் நின்னாரு, காட்டுல இல்ல. அத நாலு பேரு பாக்கட்டும். எனக்கு வேற ஒன்னும் வேணாம்."

இரண்டு மாதம் வேறு நினைப்பே இல்லை. ஃபோம் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கத்தியால் மலைச்சரிவு செதுக்கினேன். டிஷ்யூவைப் பசையில் நனைத்துப் போர்த்தினேன். மண்ணுக்குத் தேயிலைச் சக்கை. ஈரம் போகாமல் ஒட்டித் தொலைத்தேன்; இந்தக் குளிருக்கு மூன்றாம் நாளே பூஞ்சை பூத்துவிட்டது. அத்தனையும் சுரண்டி எடுத்துவிட்டு, வேறு சக்கையை வாணலியில் வறுத்து மறுபடி ஒட்டினேன். ஸ்பாஞ்சைப் பிய்த்துத் தேயிலைச் செடி, அட்டைப்பெட்டியின் உள்மடிப்பில் தகரக் கூரை, இறைச்சி குத்திச் சுடும் சாத்தே குச்சியில் காவல் கோபுரம். பூக்கட்டும் மெல்லிய கம்பியை முறுக்கி முறுக்கி நானூறு முள் வைத்தேன். விரல் நுனியெல்லாம் கிழிந்தது.

வரிசையில் பதினோரு பேர். கம்பியில் எலும்பு, அதன்மேல் இரண்டு பசையைக் கலந்து பிசைந்த களிமண்ணில் உடம்பு. மற்ற பத்துப் பேரையும் நான்கு நாளில் முடித்துவிட்டேன். ஏழாவது ஆளுக்கு மட்டும் பதினேழு நாள் ஆனது. அப்பா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உயிரை எடுத்தார்.

"தோளு இப்படி இருக்காது. கொஞ்சம் கூனல்."

"சரிப்பா."

"வேட்டி இல்லடா. காக்கி அரைக்கால் சட்டை. பேக்டரி ஆளுங்களுக்கு தொர குடுத்தது. எங்கப்பாகிட்ட இருந்த ஒரே நல்ல உடுப்பு அதான்."

காக்கி தீட்டினேன். கைகள் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி வைத்தேன். இடுப்பில் கிழங்குக்கு ஓர் அரிசிக் குறுணையை ஒட்டினேன். முடிந்த அன்றைக்கு அப்பா அதை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் எழுந்து போய்ப் பின்பக்கக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் மத்தியானம் கொண்டுபோய் மண்டபத்தில் இறக்கினேன். "அடேங்கப்பா, அண்ணே!" என்று திருச்செல்வம் வாயைப் பிளந்தார். யார் யார் எங்கே என்று தாளில் எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "எல்லாம் எங்களுக்குத் தெரியும்ணே, நீங்க கவலப்படாதீங்க," என்றார். தெரியுமாம்!

மறுநாள் காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரி, ஏழு மணிக்கே காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். திறப்பு பத்து மணிக்கு. மண்டபத்துக்குப் போனதும் அவர் வாசலில் வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட நின்றார். நான் முன்னால் போய் மேசையைப் பார்த்தேன்.

வரிசையில் ஆறு பேர். அப்புறம் ஓர் இடைவெளி, அதில் பசைக்கறை இரண்டு. அப்புறம் நான்கு பேர்.

காட்டு மூலையில் தொப்பி போட்ட கம்யூனிஸ்டு நான்கு பேரை வைத்திருந்தேன். இப்போது ஐந்து பேர். ஐந்தாவது ஆளுக்குத் தொப்பி இல்லை. காக்கி அரைக்கால் சட்டை. தலைக்கு மேல் தூக்கிய இரண்டு கைகளிலும் குறுக்காக, பல்குச்சியில் செய்த ஒரு துப்பாக்கி. முன்னால் மூன்று மொழியில் அட்டை: பயங்கரவாதிகள்.



"யாரு கை வச்சது?"

திருச்செல்வம் சிரித்துக்கொண்டே வந்தார். "நான்தாண்ணே. நேத்து சாயங்காலம் செக் பண்ணப்ப ஒரு ஆளு தப்பா நின்னாரு. காக்கி போட்டுக்கிட்டு தொழிலாளி வரிசையில நிக்கிறாரு. கம்யூனிஸ்டுதான காக்கி போடுவான்? அவசரத்துல மாத்தி ஒட்டிட்டீங்கன்னு நானே சரி பண்ணிட்டேன்லா. துப்பாக்கிகூட நான் செஞ்சதுதான். நல்லா வந்திருக்குல்ல?"

அப்போதுதான் காலரைப் பிடித்தேன்.

"அது எங்க தாத்தாடா! காக்கி போட்டா காட்டுக்காரனா? உன் காலுல என்ன நெறம் மாட்டியிருக்க, குனிஞ்சு பாரு!" அன்றைக்கு அவர் போட்டிருந்ததும் காக்கிதான். "மண்டையில மூளைன்னு ஒன்னு இருந்தா எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல? ஒரே ஒரு போன்!"

"அண்ணே, விடுங்கண்ணே, எனக்கு எப்படித் தெரியும்? சாரிண்ணே. கண்காட்சிய தொறந்து வைக்க பெரியவரு வர பத்து நிமிஷம்தான் இருக்கு. திறப்பு முடியட்டும், அப்புறமா மாத்திக்கலாம்."

"அப்புறமாவா? எழுபது வருஷமா அப்புறம்தான்டா!"

என் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். திரும்பினால், அப்பா மேசையருகே வந்துவிட்டிருந்தார். குனிந்து, விரலை நீட்டி, வரிசையை எண்ணிக்கொண்டிருந்தார். ஆறில் விரல் நின்றது.

"ஏழாவது எங்கடா?"

என் கண் போன இடத்துக்கு அவர் கண்ணும் போனது. காட்டு மூலைக்கு நகர்ந்தார். பார்த்தார். அட்டையைப் படித்தார். கத்துவார், விழுந்துவிடுவார் என்று பயந்து பக்கத்தில் ஓடினேன். அவர் திருச்செல்வத்தைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்.

"இவர ஏன் தம்பி இங்க வச்சீங்க?"

"ஐயா... காக்கி போட்டிருந்தாரு. அதனால..."

அப்பா தலையை ஆட்டினார். "ஆமா. அன்னைக்கும் இதத்தான் சொன்னானுங்க."

திருச்செல்வத்தின் முகம் செத்துப்போனது. "ஐயா, இப்பவே, இப்பவே எடுத்து வரிசையில வச்சிடறேன்," என்று கையை நீட்டினார்.

"தொடாத!"

அப்பாவின் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. திருச்செல்வம் இரண்டடி பின்னால் போனார். அப்பா அந்தத் துப்பாக்கியை உருவி மேசையில் போட்டார். பிறகு தாத்தாவின் இடுப்பைப் பிடித்து அசைத்து அசைத்துப் பிடுங்கினார். காலோடு கொஞ்சம் ஃபோமும் சக்கையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

"அப்பா, என்கிட்ட பசை இருக்கு. வரிசையிலயே நிறுத்திடலாம்பா. நீங்க கேட்ட மாதிரி."

"வேணாம்." கைக்குட்டையை எடுத்துத் தாத்தாவைச் சுற்றினார். "அன்னைக்கு ஒடம்பக்கூட குடுக்கல. எங்க பொதச்சானுங்கன்னு எங்கம்மாவுக்கு சாகுற வரைக்கும் தெரியாது. இவரு ஒன்னும் இங்க நிக்க வேணாம். நான் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

சட்டைப் பையில் வைத்து, மேலே கையால் பொத்திக்கொண்டு நடந்தார். வாசலில் பெரியவர் வந்து இறங்கியிருந்தார். மாலை, கேமரா, முன்னும் பின்னும் பத்துப் பேர். "ஐயா, கொஞ்சம் ஒதுங்குங்க, ஒதுங்குங்க," என்று ஒருவன் கையை ஆட்டினான்.

அப்பா ஒதுங்கவில்லை. அவர்கள்தான் ஒதுங்கினார்கள்.