ஒரு கையெழுத்துதானே!

படிவத்தை நீட்டும்போதே அண்ணன் பேனாவின் மூடியையும் கழற்றித்தான் கொடுத்தான். அவளுக்கு எரிச்சல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

"கீழ ஒரு கையெழுத்து, பக்கத்துல உன் லைசென்ஸ் நம்பர். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நானே எழுதிட்டேன்."

எழுதித்தான் இருந்தான். மின்சாரக் காருக்கு வீட்டில் சார்ஜர் பொருத்திய தேதி: மூன்று மாதத்துக்கு முன்னால். பொருத்தியவர் என்ற இடத்தில் முத்துமுத்தாக அவள் பெயர். அந்தச் சார்ஜரை அவள் பார்ப்பதே, அவன் போன் பண்ணிக் கூப்பிட்டு வந்த இன்று காலையில்தான்.

போர்டிகோவில் வெள்ளை நிறத்தில் புதுக் கார் பளபளவென்று நின்றது. உள்ளே பதினோரு சதவீதம் சார்ஜ். பக்கத்துச் சுவரில் சார்ஜர் பெட்டி. அதன் அடிப்பக்கம் உருகி, கருகி, வாயைக் கோணிக்கொண்டு நின்றது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் பொருத்தியது என்று எழுத்தில் கொடுத்தால்தான் கம்பெனி வேறு பெட்டி மாற்றித் தருமாம். கம்பெனி ஆள் பதினோரு மணிக்கு வருகிறாராம். இப்போது மணி பத்தரை.

"யார் போட்டது இதை?"

"ஆபீஸ் பிரெண்டோட மச்சான். கெட்டிக்காரன். அரை நாள்ல முடிச்சிட்டுப் போயிட்டான்."

"ஏன், உன் தங்கச்சி செத்தா போயிட்டா?"

"ஆரம்பிச்சிட்டியா ப்யூஸ்?" என்று சிரித்தான். சின்ன வயதில் அவள் வீட்டு ப்யூஸைப் பிடுங்கிப் பார்த்த நாளிலிருந்து அதுதான் பெயர். வெளியே நாலு தெருவுக்கு அவள் 'கரண்டக்கா'. ஸ்கூட்டரில் ஏணியைக் கட்டிக்கொண்டு போனால் சின்னப் பிள்ளைகள்கூடக் கையசைக்கும். பதிமூன்று வருஷத் தொழில். ஆனால் அம்மாவோடு இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அண்ணன் தன் மேனேஜரைச் சாப்பிடக் கூப்பிட்டபோது, "தங்கச்சி ஒரு கம்பெனில இருக்கா" என்று பூசி மெழுகினான். கையில் ஜூஸ் டம்ளருடன் அவளும் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தாள். அன்றைக்கு ஞாபகம் வராத தொழில், இன்றைக்கு லைசென்ஸ் நம்பரோடு ஞாபகம் வந்துவிட்டது!

அவள் பேனாவை வாங்கவில்லை. நேராக மீட்டர் பெட்டிக்குப் போய் மூடியைத் திறந்தாள்.

ஒரு பார்வை போதும். சமையலறை லைனில் பதினாறு ஆம்பியர் எம்.சி.பி. இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்திரண்டு. வயர் தாங்காத அளவுக்குக் கரண்ட் ஓடினால் தானாக விழுந்து வீட்டைக் காப்பாற்றுகிற சுவிட்ச் அது.

"இது எப்போ மாத்தினது?"

"அதுவா? முதல்ல கார் போட்டாலே பொசுக்கு பொசுக்குன்னு விழுந்துச்சு. அவன்தான் வந்து பெருசா ஒண்ணு மாட்டினான். அப்புறம் பாரு, ஒரு தடவைகூட விழலையே!"

பெருமையாகச் சொன்னான். காவல்காரன் ஓயாமல் விசில் ஊதுகிறான் என்று அவன் வாயில் துணியை அடைத்துவிட்டு, தெரு எவ்வளவு அமைதி பார் என்று பூரிக்கிற மனுஷன்!

மெயினைக் கீழே தட்டினாள். வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஃபேன்கள் முனகி நின்றன. டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, எம்.சி.பி.யைக் கழற்றி வயரை வெளியே இழுத்தாள். இரண்டரை சதுர மில்லிமீட்டர். மிக்சிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் போடுகிற வயர். அதிலிருந்தே ஒட்டுப்போட்டுக் காருக்கு இழுத்திருக்கிறான் அந்தக் கெட்டிக்காரன்.

"இந்த வயர்ல காரை ஓட்டுவியாடா நீ?" அவள் வாயில் 'அண்ணா' காணாமல் போயிருந்தது.

சத்தம் கேட்டு அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஏன்டி கத்துறே? ஒரு கையெழுத்துதானே கேக்குறான்? நீ லைசென்ஸ் பரீட்சை எழுதுன அன்னைக்கு, நாள் முழுக்க வெயில்ல வண்டியில உக்காந்திருந்தவன்டி அவன்."

உண்மைதான். பரீட்சை முடிந்து அவள் வெளியே வந்தபோது அவன் முகம் கன்றிப் போயிருந்தது. 'நல்லா எழுதினியா?' என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீரே குடித்தான். அதை நினைத்ததும் கோபம் தணியவில்லை. இன்னும் ஏறியது.

"அந்தப் பரீட்சையில முதல் கேள்வியே இந்த வயர் கணக்குதாம்மா!" என்றாள். "சரி, வயர் எந்தப் பக்கமா போகுது? சமையலறையிலேர்ந்து இங்க எப்படி வந்துச்சு?"

அண்ணன் காரைப் பார்த்தான். "அம்மா ரூம் வழியா. சுவரைக் கொஞ்சம் கொத்தி, பைப் போட்டா நேரமாகும்னு அப்படியே பூசிட்டான்."

"கட்டில் போட்டிருக்கிற சுவரா?" என்றாள் அம்மா. "அதான் பார்த்தேன். சாயங்காலமானா அந்த இடம் வெதுவெதுன்னு இருக்கும். இடுப்பு வலிக்கு இதமா இருக்கேன்னு தினமும் அதுலதான் சாஞ்சுக்குவேன்."



அண்ணன் வாட்சைப் பார்த்தான். "சரி... நாளைக்கே பெரிய வயரா மாத்திடலாம். இன்னைக்கு மட்டும் போட்டுக் குடுத்துரு. அந்தாள் வர்ற நேரமாச்சு."

அவளுக்குக் காதுமடல் கொதித்தது. பேனாவைப் பிடுங்கினாள். தன் பெயரைக் காகிதம் கிழிகிற அழுத்தத்தில் அடித்தாள். 'வயரின் அளவு: இரண்டரை. பொருத்தியது நான் இல்லை' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்தும் லைசென்ஸ் நம்பரும் போட்டாள்.

"கேட்டேல்ல? இந்தா."

ஸ்கூட்டரிலிருந்து சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குள் நுழைந்தாள். "ஏய், பெயின்ட் அடிச்சு மூணு மாசம்கூட ஆகலடி!" என்று அண்ணன் பின்னாலேயே ஓடி வந்தான். முதல் அடியிலேயே பூச்சு பெயர்ந்தது. விரலை விட்டு இழுத்தாள். தோல் வெந்து பழுப்பேறிய வயர், பொடிப்பொடியாக உதிர்ந்தபடி வெளியே வந்தது.

"கட்டிலுக்குப் பின்னாடியும் போகுது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

வாசல் கேட்டில் யாரோ தட்டினார்கள். "சார்! கம்பெனிலேர்ந்து வர்றேன். ஃபார்ம் ரெடியா சார்?"

அண்ணன் காகிதத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். மறுபடி தட்டும் சத்தம்.

அம்மா தலையணையை எடுத்து அவன் கையில் திணித்தாள். பிறகு ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கட்டில் காலைப் பற்றிச் சுவரைவிட்டு இழுக்க ஆரம்பித்தாள். கிறீச்சென்று தரையைக் கீறிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, கட்டில் நகர்ந்தது.